சாவி யாரிடம் இருக்கிறது?

கடலோர ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்குப் பேரிடர் பயிற்சி நடந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுக்க வந்தவர் கயிற்றையும் முதலுதவிப் பெட்டியையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "புயல் பாதுகாப்பு மையத்தோட சாவி யார்கிட்ட இருக்கு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. மையம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், அதன் வாசலில்தான் தினமும் கிரிக்கெட் நடக்கிறது. "சரி, போய் விசாரிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். சாவி ஒன்றே ஒன்றுதான். அதை வைத்திருப்பவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மகள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஒரு நல்ல மழை பெய்தால் முதலில் மூழ்குவது அந்த ஓடைப் பாலம்தான்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பேரிடர் பயிற்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சாவிக் கதையைத்தான் சொல்வேன். பலருக்கு 'பயிற்சி' என்றதும் ஆரஞ்சு நிறச் சட்டை, படகு, வெள்ளத்தில் குதித்து ஆளைத் தூக்குவது என்று சினிமாபோல ஒரு படம் ஓடும். அந்த வேலைக்குத் தீயணைப்புத் துறை இருக்கிறது, தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. பிள்ளைகளின் வேலை பெரும்பாலும் மழை வருவதற்கு முன்பே முடிந்துவிடும்: ஊரைத் தெரிந்துவைத்துக்கொள்வது, சேதியைச் சரியாகக் கொண்டுசேர்ப்பது, போகவேண்டிய இடத்துக்கு ஊரை ஒருமுறை நடத்திப் பார்ப்பது.

ஏன் இந்தக் கோடு போடவேண்டியிருக்கிறது? 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பயிற்சியே இல்லாத பொதுமக்கள் இடிபாடுகளுக்குள் இறங்கி 800க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அந்த முயற்சியில் மீட்கப் போனவர்களிலேயே 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இந்தக் கணக்கு லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறையை உலுக்கியது. உதவப் போகாதே என்று மக்களிடம் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆகவே எப்படிப் போவது, எங்கே நிற்பது என்றாவது சொல்லிக்கொடுப்போம் என்று அவர்கள் அக்கம்பக்கத்து மக்களுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தார்கள். 1990களில் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்னாளில் அதே பாடம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தது.

நம் நாட்டில் 'ஆப்த மித்ரா' என்ற திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அதற்கு வயது 18 முதல் 40 வரை. அதற்குக் கீழே உள்ளவர்கள் முறைப்படி மீட்புப் பணிக்குப் போகமுடியாது, போகவும் கூடாது. ஆனால் பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் சங்கம் ஆரம்பித்து, பெயர் வைத்து, பலகை மாட்ட வேண்டிய அவசியமில்லை. இருக்கிற குழுவுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் போதும்.

பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளைகள் எதற்கு என்று ஊர்க் கூட்டங்களில் கேட்பார்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு கிராமத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்கள் பலர் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போயிருப்பார்கள். மீதி இருப்பது தாத்தா பாட்டிகள், கைக்குழந்தைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்தச் சந்து எங்கே போய் முடியும், எந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அப்புறம், எச்சரிக்கையை ஊர்மொழிக்கு மாற்றும் வேலை. "தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று வானொலி சொன்னால் பாட்டிக்கு என்ன புரியும்? வானிலை மையம் 'கனமழை' என்று சொல்வது வெறும் வார்த்தை கிடையாது, அதற்கு ஓர் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.5ஐத் தாண்டினால் மிக கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். இதைக் கணக்குப் பாடமாகவே போடலாம்: நம் ஊர் எத்தனை ஏக்கர், 20 சென்டிமீட்டர் பெய்தால் எத்தனை லிட்டர், அது எந்த வாய்க்கால் வழியாகப் போகவேண்டும், அந்த வாய்க்கால் இப்போது தூர்ந்து கிடக்கிறதா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அப்படி ஒரு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை, 'சிவப்பு எச்சரிக்கை' என்று கேட்டதும் போனை ஓரமாக வைத்துவிட்டு எழுந்திருக்கும்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது தரையில் ஊரை வரைவது. இதற்குக் காகிதம் வேண்டாம், புரொஜக்டர் வேண்டாம். கோயில் திடலோ பள்ளி மைதானமோ போதும். கோலமாவில் ரோடு போடுவார்கள். நீல நிறப் பொடியில் வாய்க்காலும் குளமும். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. அரை மணி நேரத்தில் சண்டை ஆரம்பிக்கும்: "டேய், மதகு அங்க இல்லடா, அய்யனார் கோயிலுக்கு இந்தாண்ட." இந்தச் சண்டைதான் வகுப்பு. சத்தம் கேட்டு வழியில் போகிற பெரியவர் ஒருவர் கைத்தடியோடு நின்று, "அந்த வருசம் உடைப்பு எடுத்தது அங்க இல்ல, இங்க" என்று கைத்தடியால் ஒரு கோடு கிழிப்பார். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத தகவல் அப்படித்தான் வந்து விழும்.

பிறகு கொட்டைகளின் மேல் அடையாளம் வைப்பார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு பூ. படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் ஒரு சிவப்பு வளையல் துண்டு. தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு சோழி. ஓலைக் கூரைக்கு ஒரு இலை. டயாலிசிஸுக்குப் போய்வருபவர், தினமும் இன்சுலின் போடுபவர் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எல்லாம் வைத்து முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தால், பூவும் சோழியும் எந்தத் தெருவில் குவிந்திருக்கின்றன என்று தெரியும். பெரும்பாலும் அது தாழ்வான தெருவாகவே இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 'ஊரை வரை' என்று சொன்னால் பல இடங்களில் காலனி அந்தப் படத்தில் வராது. பிள்ளைகள் வேண்டுமென்று செய்வதில்லை. 'ஊர்' என்ற சொல்லை அவர்கள் வீட்டில் அப்படிக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுத்ததிலும் முகாமில் இடம் கொடுத்ததிலும் சாதி புகுந்தது ஊரறிந்த சேதி. ஆகவே பயிற்சி கொடுப்பவர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே கோலமாவுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார வைக்கவேண்டும். அதைச் செய்யாமல் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

பெண்பிள்ளைகள் குழுவில் பாதியாவது இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வங்கதேசத்தில் 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். வீட்டுக்காரர் வராமல் எப்படிக் கிளம்புவது, ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் எப்படிப் படுப்பது, கழிப்பறை இருக்குமா என்று தயங்கியே பலர் கிளம்பாமல் இருந்துவிட்டார்கள். இன்று அந்த நாட்டின் புயல் முன்தயாரிப்புத் திட்டத்தில் கிட்டத்தட்ட 76,000 தன்னார்வலர்கள், பாதிப் பேர் பெண்கள். கையில் மெகாபோனும் எச்சரிக்கைக் கொடியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். நம் ஊரிலும் ஒரு பெண்ணிடம் "முகாம்ல நாப்கின் இருக்கா?" என்று இன்னொரு பெண்தான் கேட்கமுடியும். தலையாரி கேட்கமாட்டார்.

சரி, இதெல்லாம் நிஜத்தில் பலன் தருமா? ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இருக்கும் கமாய்ஷியைப் பார்க்கலாம். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் மீன்பிடி ஊர். கத்தாதா தொஷிதகா என்ற பேராசிரியர் 2011க்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே அங்குள்ள பள்ளிகளில் சுனாமிப் பாடம் நடத்திவந்தார். பெரியவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டால் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தார்கள். அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளைகளிடம் அவர் சொன்னது மூன்று. அரசாங்கம் போட்டுக்கொடுத்த வெள்ள வரைபடத்தை நம்பி உட்காராதே. அந்த நேரத்தில் உன்னால் முடிந்ததையெல்லாம் செய். மற்றவர் கிளம்பட்டும் என்று காத்திராமல் முதல் ஆளாக ஓடு, உன்னைப் பார்த்து மற்றவரும் ஓடுவார்.

அங்கே உனோசுமாய் என்ற பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப் பள்ளியும் அருகருகே இருந்தன. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிறுவர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். 'நாங்கள் வெளியேறிவிட்டோம்' என்று எழுதிய அட்டைகளைத் தயாரித்து வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். கிளம்பும்போது அதை வாசலில் மாட்டிவிட்டால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று தேடி யாரும் உயிரைப் பணயம் வைக்கவேண்டாம். செலவு ஓர் அட்டையும் ஒரு நூலும். நம் ஊருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலம் குலுங்கியதும் மின்சாரம் போய்ப் பள்ளி ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. உத்தரவுக்குக் காத்திராமல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சிறுவர்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கி ஓடினார்கள். ஒத்திகையில் குறித்து வைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதன் பின்னால் இருந்த மலைச்சரிவு உதிர்வது தெரிந்தது. இங்கே வேண்டாம் என்று இன்னும் மேலே போனார்கள், சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் காப்பக வண்டிகளைத் தள்ளிக்கொண்டு. பள்ளிக்கூடமும் அவர்கள் முதலில் போய் நின்ற இடமும் மூழ்கின. வரைபடத்தின்படி அந்தப் பள்ளிகள் இருந்த இடத்துக்குச் சுனாமியே வராது. இரண்டு பள்ளிகளிலிருந்தும் ஓடிய ஏறத்தாழ 570 பேரும் பிழைத்தார்கள்.

கமாய்ஷியில் அன்று ஆயிரம் பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். அந்த ஊரின் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 3,000 பேரில் உயிரிழந்தது ஐந்து பேர். அவர்கள் அந்த நேரத்தில் பள்ளியின் பொறுப்பில் இல்லை. இதை 'அதிசயம்' என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகியதை அதிசயம் என்றால், பழகாத ஊர் 'நமக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். அதே உனோசுமாயில், ஒத்திகைகளுக்கு வசதியாகப் பயன்படுத்திவந்த இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் போய்க் கூடியவர்களில் 160க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சுனாமிக்காக ஒதுக்கப்பட்ட கட்டடமே இல்லை. தவறான இடத்துக்கு நடத்திய ஒத்திகை, ஒத்திகையே இல்லாததைவிட மோசம்.

அந்தக் கரையில் 'தெந்தென்கோ' என்று ஒரு வட்டார வழக்கு உண்டு. அவரவர் தனித்தனியாக ஓடு என்று பொருள். கேட்க ஈவிரக்கமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் பிள்ளை கண்டிப்பாக மேட்டுக்குப் போயிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்தால்தான் அம்மா பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடாமல் மேட்டுக்கு ஓடுவாள். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும். நம் ஊரில் மழை அதிகமானால் பெற்றோர் செய்யும் முதல் காரியம் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவது. அந்த வழியில் தரைப்பாலம் இருக்கும்.

கைவேலைப் பயிற்சியும் உண்டு, ஆனால் அளவாக. தண்ணீருக்குள் இறங்காதே என்பதுதான் முதல் பாடம். ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், 60 சென்டிமீட்டர் கார்களையே மிதக்க வைத்து இழுத்துக்கொண்டு போகும். முழங்காலுக்குக் கீழே இருக்கிறதே என்று நினைத்து இறங்கியவர்கள் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்படியானால் கண்ணெதிரே ஒருவர் அடித்துக்கொண்டு போனால்? கரையில் நின்று மூங்கிலை நீட்டலாம். கயிறு எறியலாம். மூடியை இறுக்கிய காலி இருபது லிட்டர் தண்ணீர் கேனையோ, கவிழ்த்துப் பிடித்தால் மிதக்கும் பிளாஸ்டிக் குடத்தையோ தூக்கிப் போடலாம். கேனின் கழுத்தில் கயிற்றைக் கட்டிக் குறிபார்த்து எறியச் சொன்னால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். முதல் பத்து எறிதலில் எட்டு தவறும். அந்த எட்டும் மைதானத்தில் தவறுவது நல்லது.

அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கம் போகாமல் மற்றவரையும் நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்வது. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்குவது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றை இரண்டு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

புயலின் கண் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் அடங்கும். மழை நிற்கும், வானம்கூட வெளுக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து மாட்டைப் பார்க்க, ஓட்டைச் சரிசெய்ய ஆட்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மறுபடி கிளம்பும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், "காத்து திரும்பி அடிச்சுது பாரு, அதுலதான் தென்னை அத்தனையும் போச்சு" என்பார்கள். முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரத்தை எதிர்க்காற்று சாய்த்துவிடுகிறது. அடங்கியதும் யாரையும் வெளியே விடாமல் வாசலில் நின்று தடுப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பொறுப்பு. தாத்தாக்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

வதந்தியும் வெள்ளம் மாதிரிதான் பரவும். அணை உடைந்துவிட்டது என்று ஏதோ ஒரு வருடத்துப் பழைய வீடியோ நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் வரும். குழுப் பிள்ளைகளுக்கு ஒரே விதி: 1077க்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ போன் போட்டு உறுதிசெய்யாத எதையும் அனுப்பாதே. போன் கோபுரம் விழுந்துவிட்டால் என்ன செய்வது? பழைய காலத்தில் தண்டோரா இருந்தது. அதைச் செய்யவைத்த விதத்தில் இழிவு இருந்ததால் 2022இல் தமிழக அரசு அதைக் கைவிடச் சொன்னது, சரியான முடிவு. இப்போது கோயில் மைக், பள்ளிவாசல் மைக், மாதாகோயில் மணி இருக்கின்றன. கரண்ட் இல்லாவிட்டால் சைக்கிள் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்தத் தெருவுக்குப் போகும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால் இருநூறு வீட்டுக்கும் சேதி போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. தெருவில் காற்று வீச ஆரம்பிக்கும் முன்பே இந்த வேலை முடிந்து பிள்ளைகளும் முகாமுக்குள் வந்துவிடவேண்டும், பெற்றோர் ஒப்புதல் வாங்கும்போதே இதை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

இந்த மாதிரிப் பயிற்சிகள் எப்படிச் செத்துப்போகின்றன என்றும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நடக்கும், பேனர் கட்டுவார்கள், சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அடுத்த வருடம் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள், குழுவும் அவர்களோடு போய்விடும். அதனால் எட்டாவதில் சேர்த்து, பதினொன்றாவதில் இருப்பவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வைத்தால்தான் நிற்கும். வீடுகளின் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிப்பதற்கு முன், புரட்டாசியிலேயே திருத்தவேண்டும். போன வருடக் கர்ப்பிணி இந்த வருடம் கைக்குழந்தைக்காரி. பட்டியல் ஒன்று ஊராட்சிச் செயலரிடமும் இருக்கவேண்டும், ஆனால் அதைப் பொதுச் சுவரில் ஒட்டக்கூடாது. தனியாக இருக்கும் பாட்டியின் வீடு எது என்று எல்லோருக்கும் தெரியவேண்டியதில்லை.

நான் பார்த்த அந்த ஊரில் இரண்டாவது சாவி ஒன்று செய்து மையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்து மாலையில் ஒத்திகை. சைக்கிள் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போனார்கள், கதவு திறந்தது, ஆட்கள் வந்தார்கள். சோழி வைத்த ஒரு பாட்டி மட்டும் வரவில்லை. இரண்டு பிள்ளைகள் திரும்ப ஓடினார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நான் வந்துடறேன்யா. இதுங்கள யார் பார்ப்பா?" என்றார். பக்கத்தில் மூன்று ஆடுகள் கட்டியிருந்தன. எவ்வளவோ கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் ஒருத்தி ஆட்டைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருவன் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் பட்டியலில் ஒரு கட்டம் கூடியிருந்தது: ஆடு, மாடு எத்தனை, எங்கே கட்டுவது.